வாடகைத்தாய் என்றால் ஊசியே வேண்டாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. திருமணமாகி ஒன்பது வருடங்கள் ஆகின்றன. கணவருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு. மூன்று முறை ஐயூஐ (விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது), இரண்டு முறை ஐவிஎஃப் (கருவை வெளியே உருவாக்கி வைப்பது) செய்தாகிவிட்டது. முதல் ஐவிஎஃபில் ஏழு முட்டை எடுத்து இரண்டு கரு வைத்தார்கள், தங்கவில்லை. இரண்டாவது முறை நான்கே முட்டை, ஒரே ஒரு கரு. அதுவும் தங்கவில்லை. முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையில் 0.9. கர்ப்பப்பையில் குறை எதுவும் இல்லை, உட்சுவரும் 9 மில்லிமீட்டர் இருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்கள். "இன்னும் எத்தனை ஊசிதான் போட்டுக்கொள்வாய்? பேசாமல் வாடகைத்தாய் முறைக்குப் போய்விடு, கையெழுத்துப் போட்டால் போதும்" என்கிறார் நாத்தனார். "அது நம் ரத்தமாக இருக்குமா?" என்று கேட்கிறார் மாமியார். மருத்துவரோ தானமாகப் பெறும் முட்டையைப் பற்றி ஏதோ சொன்னார். அதுவும் வாடகைத்தாயும் ஒன்றுதானா? ஐவிஎஃப், சரகசி என்கிற வாடகைத்தாய் முறை, இரண்டில் எது நல்லது? கொஞ்ச நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கலாமா என்றும் தோன்றுகிறது. அப்படி நினைப்பது தப்பா, டாக்டர்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் உங்கள் நாத்தனார் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. உங்கள் முடிவே அதைப் பொறுத்திருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வாடகைத்தாய் முறையில் ஊசி கிடையாது என்பது உண்மையல்ல. உங்கள் சொந்த முட்டையில் உருவாகும் குழந்தைதான் வேண்டும் என்றால், இதுவரை இரண்டு முறை போட்டுக்கொண்ட அதே ஊசிகளை மூன்றாவது முறையும் நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதே ஸ்கேன், அதே மயக்க மருந்து, முட்டை எடுத்த பிறகு வரும் அதே வயிற்று உப்புசம். போதாததற்கு இன்னொரு பெண்ணும் வாரக்கணக்கில் மருந்து எடுத்துக்கொள்வார். ஆக மொத்தம் ஊசி கூடுமே தவிரக் குறையாது.

சரகசிக்குள்ளேயே ஐவிஎஃப் இருப்பதுதான் காரணம். ஐவிஎஃப் என்பது கருவை உருவாக்கும் முறை. சரகசி என்பது அப்படி உருவான கருவை யார் சுமப்பது என்பதற்கான ஏற்பாடு. அதனால்தான் "இரண்டில் எது நல்லது" என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஐயூஐ முதல் படி, ஐவிஎஃப் இரண்டாவது படி, அது பலிக்காவிட்டால் மூன்றாவது படி சரகசி என்று ஏணி போலப் பலர் மனதில் ஒரு படம் பதிந்திருக்கிறது. என் அறைக்கு வருபவர்களில் பாதிப் பேர் அந்த ஏணியோடுதான் வருகிறார்கள். அப்படியொரு ஏணி கிடையாது. சிக்கல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், அதற்கேற்ற வழியைப் பிறகு தேட வேண்டும்.

ஐவிஎஃப் பிறந்த கதையே இதற்கு நல்ல உதாரணம். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். அவருடைய தாய்க்குக் கருக்குழாய்கள் அடைத்திருந்தன. முட்டையில் குறையில்லை, கர்ப்பப்பையிலும் குறையில்லை. இரண்டுக்கும் நடுவே வழிதான் இல்லை. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி மூவரும் சேர்ந்து அடைப்பை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் போனார்கள். முட்டையை வெளியே எடுத்து, விந்தணுவோடு சேர்த்து, உருவான கருவை நேராகக் கர்ப்பப்பையில் வைத்தார்கள். அன்று எடுத்தது ஒரே ஒரு முட்டை, அதுவும் ஊக்க ஊசி இல்லாமல் தானாக முதிர்ந்தது. எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தபோது மற்ற இருவரும் உயிரோடு இல்லை என்பது தனி வருத்தம். "சோதனைக்குழாய்க் குழந்தை" என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. உண்மையில் முட்டையும் விந்தணுவும் சேர்வது உள்ளங்கையில் அடங்கும் ஒரு தட்டையான கிண்ணத்தில்தான்.

விந்தணு குறைவாக இருப்பவர்களுக்கு விடிவு வந்தது 1992-இல். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை பலித்தது. அதைத்தான் இக்ஸி என்கிறோம். உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்குச் செய்ததும் அதுவாகத்தான் இருக்கும். இங்கேயும் சிக்கலுக்கேற்ற வழிதான், அடுத்த படி என்று எதுவும் இல்லை.

இப்போது, கருவை வைக்கும் அந்த அறையை நினைத்துப் பாருங்கள். இரண்டு முறை அங்கே படுத்திருக்கிறீர்கள். ஆய்வகத்துக்கும் அந்த அறைக்கும் நடுவே உள்ள சின்னக் கதவு திறக்கும். உள்ளிருப்பவர் உங்கள் பெயரையும் கணவர் பெயரையும் உரக்கச் சொல்லிச் சரிபார்ப்பார். நிரம்பிய சிறுநீர்ப்பையின் மேல் ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தும்போது எப்போது முடியும் என்று இருக்கும். மெல்லிய குழாய் ஒன்று உள்ளே போகும், திரையில் வெள்ளையாக ஒரு புள்ளி பளிச்சிடும். அதுதான் கரு என்று நினைத்துப் பலர் கண் கலங்குவார்கள். அது கருவோடு சேர்த்து விடும் காற்றுக்குமிழி. கரு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது, அந்தத் திரையில் தெரியாது. (நான் இதைப் பெரும்பாலும் அந்த நேரத்தில் சொல்வதில்லை. கண் கலங்கிவிட்டுப் போகட்டும்.)

அந்தப் படுக்கையில் படுத்திருப்பவர் நீங்கள் என்றால் ஐவிஎஃப், வேறொரு பெண் என்றால் சரகசி. ஆய்வகத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் இவ்வளவுதான். வெளியே வந்தால் எல்லாமே மாறுகிறது. ஒன்பது மாதம் யாருடைய உடம்பு, பிரசவ ஆபத்து யாருக்கு, பிறப்புச் சான்றிதழில் யார் பெயர், யார் யாரிடம் என்ன சம்மதம் வாங்க வேண்டும், எல்லாமே.

மாமியாரின் கேள்விக்கு வருவோம். வாடகைத்தாய் முறையில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில் சுமக்கும் பெண்ணின் முட்டையையே பயன்படுத்துவார்கள். அதில் அவர் சுமப்பவர் மட்டுமல்ல, மரபணு வழியிலும் தாய். 1986-இல் அமெரிக்காவில் பிறந்த ஒரு குழந்தையைச் சுமந்த பெண் பிறகு கொடுக்க மறுத்து, "பேபி எம்" வழக்கு என்று உலகமே பேசியது அந்த வகையில்தான். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1988-இல் அந்த ஒப்பந்தமே செல்லாது என்றது. குழந்தையின் நலன் கருதித் தந்தையிடம் வளர விட்டாலும், சுமந்தவரே சட்டப்படி தாய் என்றும் சொன்னது. இன்று பெரும்பாலான இடங்களில் மருத்துவர்கள் அந்த வகையைத் தொடுவதில்லை. இப்போது நடப்பது இரண்டாவது வகை. கரு முழுவதும் வெளியே உருவாகும், சுமக்கும் பெண்ணின் முட்டைக்கு அதில் வேலையே இல்லை.

ரத்தம் விஷயம் இதோடு தெளிவாகிவிடும். உங்கள் முட்டையும் கணவரின் விந்தணுவும் சேர்ந்த கரு என்றால், யார் சுமந்தாலும் மரபணு உங்கள் இருவருடையதுதான். குழந்தையின் ரத்தத்தைக் குழந்தையின் உடம்பே உண்டாக்கிக்கொள்கிறது. சுமப்பவரின் ரத்தம் நஞ்சுக்கொடி வரை வந்து ஆக்சிஜனையும் சத்தையும் கொடுத்துவிட்டுத் திரும்பும், குழந்தையின் ரத்தத்தோடு கலந்து ஓடாது. ரத்த வகையைத் தீர்மானிப்பதும் முட்டையும் விந்தணுவும்தான். அதற்காகச் சுமப்பவர் வெறும் பாத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது. அவருடைய ஊட்டம், சர்க்கரை, ரத்த அழுத்தம், தொற்று, புகை எல்லாம் குழந்தையைத் தொடும். குழந்தையின் செல்களில் சில அவர் உடம்பில் பல வருடங்கள் தங்கியிருப்பதும் உண்டு. மாமியாரிடம் இவ்வளவும் சொல்ல வேண்டாம். "ரத்தம் கலக்காது அத்தை" என்றால் போதும்.

அப்படியானால் சரகசி யாருக்குத் தேவை? பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லாதவர்கள் இருக்கிறார்கள், சுமார் 5,000 பெண்களில் ஒருவருக்கு இப்படி அமைகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சினைப்பை நன்றாக இருக்கும், முட்டையும் நன்றாக இருக்கும். புற்றுநோய்க்காகவோ, பிரசவத்தில் நிற்காத ரத்தப்போக்குக்காகவோ கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் உண்டு. உட்சுவர் ஒட்டிக்கொண்டு சிகிச்சைக்கும் விட்டுக்கொடுக்காதவர்கள் உண்டு. நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்த நோய் போன்றவற்றால், கர்ப்பமானால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுதான்: கரு உருவாக வழி இருக்கிறது, அதைச் சுமக்க இடம் இல்லை. (கர்ப்பப்பையையே மாற்றிவைக்கும் அறுவை சிகிச்சை மூலம் 2014-இல் ஸ்வீடனில் ஒரு குழந்தை பிறந்தது. அதன் பிறகு வேறு நாடுகளிலும் பிறந்திருக்கின்றன. ஆனாலும் அது இன்னும் அபூர்வம்தான்.)

உங்கள் நிலை இதற்கு நேர் எதிர். கர்ப்பப்பையில் குறையில்லை என்கிறது ஸ்கேன். உட்சுவர் 9 மில்லிமீட்டர் என்பது நாங்கள் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளும் அளவு. ஏழு முட்டையில் இரண்டு கரு, நான்கு முட்டையில் ஒரே கரு, ஏஎம்எச் 0.9 என்ற எண்கள் வேறு கதை சொல்கின்றன: சிக்கல் முட்டைப் பக்கம் இருக்கலாம். பொதுவாகப் பத்து முட்டை எடுத்தால் ஏழெட்டுதான் முதிர்ந்திருக்கும். அவற்றில் ஐந்தோ ஆறோ கருவுறும். ஐந்தாம் நாள் வரை வளர்வது இரண்டோ மூன்றோ. இந்தச் சரிவு எல்லோருக்கும் உண்டு. தொடக்கமே நான்கு என்றால் கடைசியில் ஒன்று மிஞ்சுவது வியப்பில்லை. அந்த ஒன்றிலும் குரோமோசோம் சரியாக அமைந்திருக்க வேண்டும். வயது ஏற ஏறக் குரோமோசோம் கோளாறுள்ள கருக்களின் பங்கு கூடுகிறது, 40-ஐத் தாண்டினால் பாதிக்கும் மேல் அப்படித்தான். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் ஒட்டாது, ஒட்டினாலும் கலைந்துவிடும். உங்கள் கர்ப்பப்பையிலானாலும் சரி, வேறொருவருடைய கர்ப்பப்பையிலானாலும் சரி.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாத்தனாரிடம் காட்ட வேண்டும். கரு சரியில்லாததால் தோற்ற சிகிச்சையை, படுக்கையில் ஆளை மாற்றி ஜெயிக்க முடியாது. வாடகைத்தாயை அமர்த்தி, காத்திருந்து, பணத்தைக் கொட்டி, அங்கேயும் தங்கவில்லை என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். "எங்கள் கர்ப்பப்பையில்தான் கோளாறு என்று நினைத்தோம்" என்பார்கள். யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். குழந்தை தங்காவிட்டால் வயிற்றைத்தான் குறை சொல்லிப் பழகியிருக்கிறோம், முட்டை யார் நினைவுக்கும் வருவதில்லை.

உங்கள் மருத்துவர் தானமாகப் பெறும் முட்டையைப் பற்றிப் பேசியது இதனால்தான். அதுவும் சரகசியும் ஒன்றல்ல, கிட்டத்தட்ட தலைகீழ். சரகசியில் முட்டை உங்களுடையதாக இருக்கலாம், சுமப்பவர் வேறு. தானமுட்டையில் முட்டை வேறொருவருடையது, சுமப்பது நீங்கள். வாந்தியும் உங்களுக்கு, முதல் அசைவும் உங்களுக்கு, பிரசவ வலியும் உங்களுக்கு. கர்ப்பப்பை முட்டையைப் போல வேகமாக வயதாவதில்லை. அதனால் தானமுட்டை சிகிச்சையின் வெற்றி, சுமப்பவரின் வயதைவிட முட்டை கொடுப்பவரின் வயதைத்தான் பெரிதும் பொறுத்திருக்கிறது. ஆனால் அதில் மாமியாரின் கேள்விக்குப் பதில் மாறும். கணவரின் மரபணு இருக்கும், உங்களுடையது இருக்காது. இதை ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் முழுக்க உங்கள் இருவர் விருப்பம். ஒப்புக்கொள்வதற்கு முன் சிலர் ஒரு வாரம் அழுவார்கள், சிலருக்கு ஒரு வருடம் ஆகும், சிலர் கடைசிவரை வேண்டாம் என்பார்கள். எதுவும் தவறல்ல. உடம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிறர் முட்டையில் உருவான கருவைச் சுமக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அதைக் கண்காணிக்க வேண்டும். சரகசியில் சுமக்கும் பெண்ணுக்கும் இதே ஆபத்து உண்டு என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

தானமுட்டை என்று முடிவெடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நான் உங்கள் கோப்பைப் பார்க்கவில்லை, கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன். ஸ்கேனில் தெரியாத சிறு சதை வளர்ச்சியோ ஒட்டலோ இருக்கிறதா என்று கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்களா? கருக்குழாய் எதிலாவது நீர் கோத்திருக்கிறதா? அந்த நீர் உள்ளே வழிந்து கரு ஒட்டும் வாய்ப்பைப் பாதியாகக் குறைத்துவிடும். குழாயை அடைத்தாலோ எடுத்தாலோ அதே முட்டையில்கூடப் பலன் மாறலாம். தைராய்டு எப்படி இருக்கிறது? கணவரின் விந்தணு எண்ணிக்கையோடு டிஎன்ஏ சிதைவையும் பார்த்தார்களா? ஊக்க மருந்தின் அளவையோ வகையையோ மாற்றினால் முட்டை ஒன்றிரண்டாவது கூடுமா? சொந்த முட்டையில் இன்னொரு முறை முயல்வதானால், இரண்டு மூன்று தடவை எடுத்த கருக்களை உறையவைத்துச் சேர்த்துக்கொண்டு பிறகு வைக்கலாமா? மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அவை வருடக்கணக்கில் அப்படியே இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் நேரான பதில் சொல்லாமல், முதல் சந்திப்பிலேயே "சரகசி பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கையெழுத்துப் போட்டால் போதும் என்பதும் அவ்வளவு எளிதல்ல. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் சரகசிக்கே அனுமதியில்லை. இத்தாலி 2024-இல் ஒரு படி மேலே போய், தன் குடிமக்கள் வெளிநாட்டுக்குப் போய்ச் செய்தாலும் குற்றம் என்றது. இங்கிலாந்தில் அனுமதி உண்டு, ஆனால் பிறக்கும்போது சட்டப்படி தாய் சுமந்தவர்தான், நீதிமன்ற ஆணை வாங்கித்தான் பெற்றோர் ஆக வேண்டும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி காசு வாங்கிக்கொண்டு சுமப்பது குற்றம். மருத்துவச் செலவும் காப்பீடும் போன்றவை மட்டுமே கொடுக்கலாம், சுமப்பவருக்கு ஏற்கெனவே சொந்தக் குழந்தை இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் சுமக்கலாம். பெற்றோராகப் போகிறவர்களுக்கு மருத்துவக் காரணம் இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. "ஊசி போட்டுக் களைத்துவிட்டேன்" என்பது அந்தக் காரணமாகாது. நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. எங்கே இருந்தாலும் மருத்துவமனை நீட்டும் ஒப்பந்தத்துக்கு முன்னால் அந்த நாட்டுச் சட்டத்தை ஒரு வக்கீலிடம் கேளுங்கள். "வாடகை" என்ற சொல்லும் எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டவர் அந்த வீட்டோடு சேர்ந்து வாந்தி எடுப்பதில்லை. ஆனாலும் உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று நானும் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

சரி, கடைசிக் கேள்வி. கொஞ்ச நாள் சும்மா இருக்கலாமா? தாராளமாக. இரண்டு மூன்று மாத இடைவெளியால் உங்கள் முட்டைகளுக்குப் பெரிய இழப்பு எதுவும் வந்துவிடாது. ஆனால் 38 வயதில், ஏஎம்எச் 0.9-இல், சொந்த முட்டையில் இன்னொரு முறை முயலும் எண்ணம் இருந்தால் அந்த இடைவெளி ஒரு வருடமாக நீள விடாதீர்கள். தானமுட்டைதான் என்று முடிவாகிவிட்டால் அந்த அவசரமும் இல்லை, இன்னும் நிதானமாக இருக்கலாம். எப்படியும் இந்த மாதம் ஸ்கேன் தேதி எதையும் காலண்டரில் குறிக்காதீர்கள். கோப்பு மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.